கடற்கரையா, கார் ஓட்டும் திடலா?

மும்பை செம்பூரிலிருந்து வாடகைக் கேரவன் ஒன்றில், பின்புறம் இரண்டு மிதிவண்டிகளைக் கட்டிக்கொண்டு, நானும் என் கணவரும் மார்ச் மாதத்தில் கொங்கண் கரையோரமாகப் புறப்பட்டதே அமைதியை நாடித்தான். பாக்மாண்ட்லாவில் வண்டியோடு படகேறி, சாவித்திரி ஆற்றைக் கடந்து வேஷ்வியில் இறங்கும் வரை ஒரு குறையும் இல்லை. வேளாஸ் செல்லும் சாலையில் மிதிவண்டியை நிறுத்தி, வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்றை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். (கழுத்து வலி தனிக்கதை.)

மறுநாள் மாலை தங்கிய கடற்கரையில்தான் மனம் கசந்தது. நான்கைந்து கார்கள் ஈரமணலில் வட்டமடித்தன. கதவுகளைத் திறந்துவைத்துப் பாட்டை அலறவிட்டார்கள். பங்குனி ஆமை இரவில் கரையேறி, மணலைத் தோண்டி சுமார் நூறு முட்டைகள் இட்டு மூடிவிட்டுப் போகும் காலத்தில், அவை பொரிய ஏறத்தாழ ஐம்பது நாட்கள் ஆகும் என்பதையோ, வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் திசையையே கடலென்று நம்பி ஊர்ந்து செல்லும் என்பதையோ அறியாமல், முகப்பு விளக்குகளைக் கரையெங்கும் பாய்ச்சுபவர்களிடம் என்னதான் சொல்வது? மணல் நண்டுகள்கூட வளைக்குள் ஒளிந்துகொண்டன. மெதுவாகச் சொல்லிப் பார்த்தோம், "உங்கள் சொந்தக் கடலா?" என்று கேட்டார்கள்.

ஓதம் ஏறியபோது ஒரு கார் அச்சு வரை புதைந்தது. கயிறு இருக்கிறதா என்று எங்களிடமே வந்து கேட்டார்கள். என் கணவர் எடுத்துக் கொடுத்தார். அன்றிரவு முழுவதும் நான் அவரோடு பேசவில்லை.