ஒரு மணி நேரத்துக்கு 10 ரூபாய்

"ஏனுங்க்கா, வெறும் நூல்தானுங்க. இதுக்குப் போய் ஆயிரத்து ஐநூறா?"

நேற்று சாயங்காலம் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஒரு பெண் கேட்டது இது. அவருடைய ஆறு வயது மகளுக்கு நான் குரோஷா ஊசியில், அதாவது முனையில் கொக்கி வைத்த ஒற்றை ஊசியில், பின்னிக் கொடுத்த ஷ்ரக்குக்கான (ஃபிராக்குக்கு மேல் போடுகிற குட்டிச் சட்டை) விலை 1,500 ரூபாய். அதை ஆர்டர் எடுத்த அன்றே சொல்லியிருந்தேன். "சரிங்க்கா, பாத்துக்கலாம்" என்றார். நேற்று 700 ரூபாயை ஜிபேயில் போட்டுவிட்டு, "அவ்வளவுதானுங்க்கா கட்டும்" என்று கிளம்பிவிட்டார். குழந்தை அதற்குள் ஷ்ரக்கைப் போட்டுக்கொண்டு, பொத்தானைத் தானே மாட்டிப் பார்த்து, கண்ணாடி முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை உடம்பிலிருந்து கழற்றி வாங்கவா முடியும்? முடியாது என்பது அந்த அம்மாவுக்கும் தெரியும். எனக்கு வயிறு எரிகிறது.

கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். 50 கிராம் உருண்டை 120 ரூபாய் என்று காட்டன் நூல் நான்கு உருண்டை, 480 ரூபாய். பொத்தான் 30. ஆக 510. அவர் கொடுத்த 700-இல் இது போக மிச்சம் 190. நான் உட்கார்ந்த நேரத்தை நோட்டில் குறித்து வைக்கிற வழக்கம் எனக்கு உண்டு. மொத்தம் 19 மணி நேரம். மணிக்கு 10 ரூபாய்! கேட்ட 1,500-ஐ முழுதாகக் கொடுத்திருந்தால்கூட மணிக்கு 52 ரூபாய்தான் வந்திருக்கும். அதைத்தான் கொள்ளை விலை என்கிறார்கள்.

19 மணி நேரம் அப்படி என்ன செய்தாய் என்று கேட்பவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன்.

"ஆறு வயசு சைஸ் போதுங்க்கா" என்று சொன்னால் போதாது. ஒரே வகுப்பில் படிக்கும் ஆறு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒரே அளவு இருக்காது. துணியில் தைப்பதென்றால் உள்ளே கொஞ்சம் தையல் விட்டுத் தைக்கலாம், பிறகு பிரித்துக்கொள்ளலாம். பின்னலில் அது நடக்காது. அளவு தப்பினால் உருவிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். அதனால் நானே இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நெஞ்சுச் சுற்று 24 இஞ்ச். ஃபிராக்குக்கு மேல் போடுவதால் 2 இஞ்ச் கூட்டி 26. வந்து ஒரு மாதிரித் துண்டு பின்னி, அதை நனைத்துக் காயவைத்து, பிறகுதான் அளந்தேன். காட்டன் நூல் தண்ணீர் பட்டால் அளவு மாறும், அதன் கனத்துக்கே கீழே இழுக்கும். இஞ்சுக்கு 6 கண்ணி (பின்னலின் ஒவ்வொரு முடிச்சும் ஒரு கண்ணி) வந்தது. ஆக ஒரு சுற்றுக்கு 156 கண்ணி. 11 இஞ்ச் உயரத்துக்கு 36 வரிசை. கையும் ஓரத்துச் சிப்பிப் பின்னலும் சேர்த்து ஏறத்தாழ 7,000 கண்ணி.

ஒரு கண்ணி என்பது ஒரு குத்து இல்லை. நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்ற வேண்டும், கீழ் வரிசைக் கண்ணிக்குள் விட்டு நூலை இழுக்க வேண்டும், அப்புறம் இரண்டு இரண்டாக இருமுறை கழற்ற வேண்டும். (அமெரிக்க வழக்கில் இது டபுள். சின்ன வயதில் ஒரு கன்னியாஸ்திரீ எனக்குக் கற்றுக்கொடுத்த பிரிட்டிஷ் வழக்கில் இதற்கே ட்ரெபிள் என்று பெயர். பின்னல் குறிப்பு எந்த ஊர் வழக்கு என்று பார்க்காமல் ஆரம்பித்தால் மொத்த அளவும் கெட்டுவிடும்.) ஒரு கண்ணிக்கு மூன்று இழுப்பு என்றால் 7,000 கண்ணிக்கு மணிக்கட்டு எத்தனை முறை திரும்பியிருக்கும்? ஏறத்தாழ 20,000 முறை. ராத்திரி சுண்டுவிரல் மரத்துப்போகிறது. இதைத்தான் அவர் "டிவி பாத்துட்டே போடறதுதானுங்க" என்றார்.

பாதிக்கு மேல் முடித்த பிறகு, "கையை முட்டி வரைக்கும் இறக்கிடுங்க்கா" என்று சொன்னவரும் இவர்தான். மூன்று உருண்டையில் முடிய வேண்டியது நான்காகிவிட்டது. அந்த நான்காவது உருண்டைக்காக மூன்று கடை ஏறி இறங்கினேன். நிறத்தின் பெயர் ஒன்றாக இருந்தால் போதாதே, லாட் நம்பரும், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட நூல் என்கிற எண்ணும், ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கை ஒரு ரோஸ், உடம்பு ஒரு ரோஸ் என்று பல்லை இளிக்கும். லாட் என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஷேடு கொஞ்சம் மாறினாலும் ஆர்டர் கொடுத்த பையர் சரக்கைத் திருப்பிவிடுவான் என்று பயந்து வேலை செய்கிற ஊர் இது.

ஆமாம், நான் இருப்பது திருப்பூரில். அதுதான் கோபத்தை இன்னும் கிளப்புகிறது. பீஸ் ரேட் (உருப்படிக்கு இவ்வளவு என்கிற கூலி) என்றால் என்ன, ஒன்றரை ஷிஃப்ட் என்றால் என்ன என்று பால் வாங்க வருகிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த ஊர். ஓவர்லாக் மெஷினில் துணி ஓரத்தைக் கூட்டித் தைக்கிறவருக்கு ஒரு கணக்கு, செக்கிங் பெண்ணுக்கு ஒரு கணக்கு, பிசிறு வெட்டுகிறவருக்கு ஒரு கணக்கு. சனிக்கிழமை சம்பளத்தில் ஐம்பது ரூபாய் குறைந்தாலும் சூப்பர்வைசரிடம் போய் நிற்போம், நிற்கவும் வேண்டும். எனக்கு 700 போட்டுவிட்டுப் போனவரும் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் கணக்குக்கு வேலை பார்ப்பவர்தான். அவருடைய நேரத்துக்கு ஒரு ரேட் இருக்கிறது. என்னுடைய நேரத்துக்கு மட்டும் ஏன் இல்லை?

"காதர்பேட்டையில இருநூறு ரூபாய்க்கு இதே மாதிரி கிடைக்குதே" என்று எங்கள் ஊர்த் துணிச் சந்தையைச் சொன்னார். கிடைக்கும். அது பின்னலாடை மெஷினில் ஓடி, கட்டிங் டேபிளில் வெட்டி, ஓவர்லாக்கில் கூட்டிய துணி. அந்த மெஷினில் நூற்றுக்கணக்கான ஊசிகள் வரிசையாக நின்று, ஒவ்வொன்றும் ஒரு கண்ணியைப் பிடித்துக்கொண்டிருக்கும். மீட்டர் மீட்டராகத் துணி இறங்கும். குரோஷாவில் ஒரே ஊசி, அதில் எந்நேரமும் ஒரே ஒரு உயிர்க்கண்ணி, அதாவது இன்னும் முடியாமல் ஊசியில் நிற்கிற கண்ணி. அதை முழுசாக முடித்த பிறகுதான் அடுத்தது. ஊசி ஒவ்வொரு முறையும் ஏற்கனவே பின்னிய துணிக்குள் இடம் தேடிப் போய்த் திரும்ப வேண்டும். இதை அப்படியே செய்து தள்ளுகிற மெஷின் ஆலைக்கு வரவில்லை. "எலாஸ்டிக் கம்பெனியில குரோஷே மெஷின்னே ஒண்ணு இருக்குதுங்களே" என்று பக்கத்து வீட்டு அண்ணன் மடக்கினார். பெயர்தான் அது. அதில் ஓடுவது, நீளவாக்கில் பல நூல்களை விட்டு மெஷினே பின்னுகிற வார்ப் நிட்டிங் நாடா, குரோஷா இல்லை.

ஆகவே நிஜமான குரோஷா உடுப்பு ஒன்று கடையில் 300 ரூபாய்க்குத் தொங்கினால், எங்கோ ஒரு பெண் மணிக்கு ஐந்தோ பத்தோ வாங்கிக்கொண்டு அதைக் கையால் பின்னியிருக்கிறாள் என்று அர்த்தம். எனக்கு நர்சாபூர் ஞாபகம் வரும். ஆந்திராவில், மேற்கு கோதாவரி மாவட்டத்தில் இருக்கிறது. மிஷனரிகள் கொண்டுவந்த குரோஷா லேஸ் அங்கே வீட்டுக்கு வீடு நடக்கிறது, வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1970-களின் கடைசியில் அங்கே போய் ஆய்வு செய்தார். நாளெல்லாம் பின்னுகிற அந்தப் பெண்களை யாரும் தொழிலாளி என்று கணக்கில் எடுக்கவில்லை. வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்றே சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாய்க்கும் வயிற்றுக்கும் பற்றாத கூலி கொடுத்தார்கள். லாபம் வியாபாரிக்குப் போனது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் வாசலில் நின்று நேற்று அவர் சொன்னதும் அதே சொல்தான்: "சும்மா வீட்ல உக்காந்திருக்கிற நேரத்துல பண்றதுதானுங்க்கா."

சும்மாவா? டெய்லரும் உட்கார்ந்துதான் தைக்கிறார். பேங்கில் கேஷியரும் உட்கார்ந்துதான் இருக்கிறார். அவர்களிடம் போய் யாராவது இப்படிக் கேட்பார்களா? உட்கார்கிற இடம் வீடாகவும், உட்கார்கிற ஆள் பெண்ணாகவும் இருந்தால் மட்டும் அது எப்படி வேலை இல்லாமல் போகிறது? பேரம் பேசுவதைக்கூட நான் தப்பு சொல்லவில்லை. விலை கட்டாது என்றால் முதல் நாளே சொல்லிவிடலாம், நானும் பெரிய ஊசியில், தடித்த நூலில், சீக்கிரம் முடிகிற மாதிரி ஒன்றைக் காட்டியிருப்பேன். பின்னி முடித்து, நூல் முனைகள் அத்தனையையும் உள்ளே கோத்து மறைத்து, அலசி, தரையில் விரித்துக் குண்டூசி குத்திக் காயவைத்துக் கொடுத்த பிறகு "வெறும் நூல்தானே" என்று சொல்லக் கூடாது.

இன்று காலை அவரிடமிருந்தே ஒரு வாட்ஸப். "அக்கா, பாப்பா அதைக் கழட்டவே மாட்டேங்குறா. சின்னவளுக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும், அதே ரேட்ல."

பிள்ளை கழற்ற மறுக்கிறாள் என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பதில் இப்படித்தான் அனுப்பினேன்: "சின்னவளுக்கு 1,300. பாதி அட்வான்ஸ். பெரியவளோடதுல பாக்கி 800. ரெண்டும் வந்ததுக்கப்புறம் அளவெடுக்க வர்றேனுங்க."

நீல டிக் விழுந்து நான்கு மணி நேரம் ஆகிறது. இன்னும் பதில் இல்லை.