யாரும் கொடுக்கவில்லை

நேற்று இரவு லைவில் அண்ணன் பேசியதைக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் சீர்திருத்தக் காலத்தைப் பற்றி நன்றாகத்தான் ஆரம்பித்தார். 1913இல் வருமான வரி, அதே வருடம் ஃபெடரல் ரிசர்வ் என்ற மத்திய வங்கி, 1916இல் ரயில்வே தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலை. எல்லாம் சரி. கடைசியில், "1920இல் ஜனாதிபதி வில்சன் பெண்களுக்கும் ஓட்டுரிமை கொடுத்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தக் 'கொடுத்தார்' என்னைத் தூங்கவிடவில்லை.

யாரும் கொடுக்கவில்லை. ஓட்டுரிமை கேட்ட பெண்கள் 1917 ஜனவரியிலிருந்து வெள்ளை மாளிகை வாசலில் பதாகையோடு குளிரில் நின்றார்கள். நடைபாதையை மறித்தார்கள் என்று பிடித்து உள்ளே தள்ளினார்கள். சிறையில் சாப்பிட மறுத்த ஆலிஸ் பால் என்ற போராட்டத் தலைவிக்குக் குழாய் செருகி உணவை இறக்கினார்கள். ஓட்டுரிமைக்கான அரசியல் சட்டத் திருத்தத்தை வில்சன் ஆதரித்தது இதற்கெல்லாம் பிறகு, 1918 ஜனவரியில்.

"அவர் கையெழுத்து இல்லாமல் நடந்திருக்குமா?" என்பீர்கள். அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அங்கே ஜனாதிபதியின் கையெழுத்தே தேவையில்லை! அன்று 36 மாநிலங்கள் ஏற்க வேண்டியிருந்தது. 36ஆவதாக வந்தது டென்னசி.

"கறுப்பினப் பெண்கள்?" என்றால், நியாயமான கேள்வி. 1913 ஓட்டுரிமை ஊர்வலத்தில் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா வெல்ஸைப் பின்னால் வரச் சொன்னார்கள், அவர் மறுத்தார். தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலானோர் 1965 வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருந்தார்கள். அவர்களுக்கும் யாரும் கொடுக்கவில்லை.

அண்ணன் புகழ்ந்த தொழிலாளர் சீர்திருத்தத்திலும் பெண்கள் இருக்கிறார்கள். 1911 மார்ச் 25, நியூயார்க் டிரையாங்கிள் சட்டை கம்பெனியில் தீ. 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. துணி திருடிவிடுவார்களாம், ஒரே வழியில் விட்டுப் பையைச் சோதிப்பார்களாம். அதன்பிறகு தொழிற்சாலைச் சட்டங்களுக்காக அலைந்த நியூயார்க் பெண்களுக்கு 1917 வரை அந்தச் சட்டசபைக்கு ஓட்டுப்போடும் உரிமை கிடையாது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தார். ஒரு தீபாவளிக்கு முன்னால் போனஸுக்காக மூன்று நாள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். மடியில் நான். போனஸ் வந்ததும் ஊரில் சொன்னது, "முதலாளி நல்ல மனுசன், கொடுத்துட்டார்." அம்மா அன்றைக்கு யாரிடமும் பேசவில்லை.

இன்று காலை அந்தத் தீ விபத்தைச் சொன்னேன். அம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவுங்க பையையுமா தொறந்து பாத்தாங்க?"