தெரிந்த ஊர் மாதிரிதான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்கு வருகிறவர்களிடம் எல்லாரும் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: "பிரிக்பீல்ட்ஸ் இருக்கு, மஸ்ஜிட் இந்தியா இருக்கு, தமிழ் பேசியே சமாளிச்சிடலாம்." உண்மைதான். ஆனால் அந்தத் தெம்பில்தான் சறுக்குகிறார்கள். டுரியானைப் பலாப்பழம் என்று நினைத்து யாரும் வாங்கப்போவதில்லை. ஊரில் பழகிய அதே பொருள் இங்கே வேறு மாதிரி வேலை செய்யும்போதுதான் வேடிக்கை.

கடிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னே என்பது எல்லாருக்கும் தெரியும். சூரியனைக் கேட்டால் சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் சுமார் 1 மணி 26 நிமிடம்தான் வித்தியாசம் என்று சொல்லும். மீதி ஒரு மணி நேரத்துச் சொச்சம் மனிதர்கள் கூட்டிக்கொண்டது. அதில் கடைசி அரை மணி, கடலுக்கு அப்பால் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களோடு நாடு முழுக்க ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் சேர்த்தது. அதனால் வருஷம் முழுக்க இங்கே சூரியன் எழுவது ஏறத்தாழ ஏழிலிருந்து ஏழரைக்குள். பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறும்போது கும்மிருட்டு. ஆறு மணிக்கு விளக்கேற்றிப் பழகியவர்கள் பளீரென்ற வெயிலில் ஏற்ற வேண்டியதுதான். ராத்திரி பத்து மணிக்கு ஓய்ந்து உட்கார்ந்து அம்மாவை அழைத்தால் அங்கே ஏழரை, சீரியல் நேரம். எடுக்க மாட்டார்.

ராகு காலத்தில்தான் பெரிய குழப்பம். திங்கட்கிழமை 7.30–9 என்பது ஆறு மணிக்குச் சூரியோதயம் என்று வைத்த கணக்கு. அதை இங்கே அப்படியே பார்ப்பதும் தப்பு, இரண்டரை மணியைக் கூட்டி பத்து மணி என்பதும் தப்பு. உள்ளூர் உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை எட்டுப் பங்கு போட்டு, திங்களன்று இரண்டாவது பங்கை எடுக்க வேண்டும். உதயம் 7.15 என்றால் ராகு காலம் 8.45 வாக்கில் தொடங்கும். திதி அப்படியில்லை. அமாவாசை முடிகிற கணம் உலகம் முழுக்க ஒரே கணம், ஆகவே ஊர்ப் பஞ்சாங்கத்து நேரத்தோடு இரண்டரை மணியைக் கூட்டினால் சரி. ஊர் நாட்காட்டியை இங்கே ஆணியில் மாட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தால் போதும்.

அடுத்து மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. "அண்ணே, ஒரு டீ, சீனி வேணாம்" என்பீர்கள். அவரும் சொன்னபடி ஒரு கரண்டி சீனிகூடப் போடாமல் தருவார். வாயில் வைத்தால் பாயசம். இங்கே வெறும் "தே" என்றாலே டின்னில் வரும் கெட்டியான இனிப்புப் பால். சீனி அந்தப் பாலுக்குள்ளேயே இருக்கிறது. பால் வேண்டும், இனிப்பு வேண்டாம் என்றால் "தே சி கோசோங்". அது இனிப்பில்லாத சுண்டிய பால். "தே ஓ" என்றால் பால் இருக்காது, சீனி இருக்கும். இரண்டுமே வேண்டாதவர்களுக்கு "தே ஓ கோசோங்". பாதி இனிப்புக்கு "கூராங் மானிஸ்". ஊரிலிருந்து பெற்றோர் வந்தால், சர்க்கரை நோய் இருக்கிறதென்றால், முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான். கோப்பி இன்னொரு வம்பு. வழக்கமான கடைக் கோப்பிக்குக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துத்தான் வறுக்கிறார்கள். பில்டர் காபி நாக்கு அதில் கருகிய வாடையைக் கண்டுபிடித்து மூக்கைச் சுளிக்கும். இரண்டு மாதத்தில் அதே நாக்கு அதைத் தேடும். "பொங்குஸ்" என்றால் பார்சல். கொதிக்கிற டீயைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிறு கட்டித் தருவார்கள். கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்டே கொண்டுபோங்கள். மேசையில் வைத்தால் சாய்ந்துவிடும்.

கடையில் 8.92 என்று பில் வந்து, ரொக்கமாகக் கொடுத்தால் 8.90 வெள்ளிதான் (ரிங்கிட்டை இங்கே தமிழில் அப்படித்தான் சொல்வார்கள்) வாங்குவார்கள். 8.93 என்றால் 8.95. ஒரு காசு நாணயத்தை 2008 ஏப்ரலிலிருந்து கணக்கில் விட்டாயிற்று. யாரும் ஏமாற்றவில்லை, சண்டைக்குப் போகாதீர்கள். லிப்டில் 3க்குப் பிறகு 3ஏ வந்தால் அது நாலாவது மாடி. சீனர்களுக்கு நாலு ஆகாது.

கடைசியாக மிக்சி. மூட்டை கட்டிக் கொண்டுவராத தமிழ்க் குடும்பம் உண்டா? மின்சாரம் அதே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மோட்டாருக்கு ஆபத்தில்லை. இங்கத்திய பிளக்கில் மட்டும் மூன்று தட்டைக் கால்கள். மேல் துளையில் பேனாவைக் குத்தி உருண்டைப் பின்னைத் திணிக்கிற வித்தையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நீளமான எர்த் கால் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு துளைகளும் திறக்கும் என்று வைத்திருப்பதே பாதுகாப்புக்கு. மலிவான அடாப்டரும் மிக்சிக்கு உதவாது: பலவற்றில் எர்த் இணைப்பே இல்லை, தளர்ந்த தொடர்பு சூடாகி உருகும். சிரிம் (மலேசியத் தரச் சான்று நிறுவனம்) முத்திரையுள்ள 13 ஆம்பியர் பிளக் வாங்கி, ஊர்ப் பிளக்கை வெட்டிவிட்டு மாட்டுங்கள். திறந்த பிளக்கில் எர்த் மேலே இருக்கும்படி பிடித்தால், பச்சை மேலே, பழுப்பு அல்லது சிவப்பு வலப்புறம் பியூஸ் பக்கம், நீலம் அல்லது கறுப்பு இடப்புறம். 750 வாட் மிக்சி 3.3 ஆம்பியர் இழுக்கும், அதனால் 3 ஆம்பியர் பியூஸ் தாங்காது, 5 போடுங்கள். கிரைண்டருக்கு 3 போதும். ஒயரைக் கவ்வும் கிளிப்பை இறுக்க மறக்காதீர்கள். உளுந்து ஊறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.