95 எங்கே ஐயா?

மாதக் கடைசி இரவில் எரிபொருள் விலை மாறிவிட்டது என்று செய்தியில் வாசிக்கிறார்கள். ஒக்டேன் 92 இவ்வளவு, ஒக்டேன் 95 இவ்வளவு. எஞ்சினுக்குள் நேரத்துக்கு முன் தானாகப் பற்றாமல் பெற்றோல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் எண்தான் ஒக்டேன். 95 கூடினால் என்ன, குறைந்தால் என்ன? நுவரெலியாப் பக்கம் அதன் விலையைக் கேட்கத்தான் முடிகிறது, வாங்க முடிவதில்லை. "இல்லை அண்ணே, பவுசர் நாளைக்கு வரும்" என்கிறான் பம்பில் நிற்கும் தம்பி. அவன் பாவம், சொல்லச் சொன்னதைச் சொல்கிறான். அந்த நாளைதான் வந்தபாடில்லை.

என்னுடையது பழைய ஹோண்டா சிவிக் டைப் ஆர். 1997இல் ஜப்பானில் வெளிவந்த முதல் ரகம். 1.6 லீற்றர், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இல்லை, 185 குதிரை வலு, அமுக்க விகிதம் 10.8, அதாவது சிலிண்டருக்குள் கலவையை அதன் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே நசுக்குகிறது. இதற்கு உயர் ஒக்டேன் பெற்றோல் ஊற்ற வேண்டும் என்பது செய்தவன் விதி. ஜப்பானியத் தர அளவில் உயர் ஒக்டேன் என்றால் குறைந்தது 96. நான் நாயாய்த் தேடி அலையும் 95 அந்த அளவைக்கூட எட்டவில்லை. அதைக் கேட்பதற்கே சிரிக்கிறார்கள்.

"92 போட்டால் ஓடாதா?"

ஓடும். தட்டிக்கொண்டே ஓடும். அமுக்கம் கூடிய சிலிண்டருக்குள் தீப்பொறியின் சுடர் போய்ச் சேருவதற்கு முன்பே ஓரத்துக் கலவை தானாகப் பற்றி வெடிக்கிறது. அந்த அடியிலிருந்து தப்ப, வண்டியின் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. வலு போகிறது, சூடு ஏறுகிறது, பெற்றோலும் கூடுதலாகச் செலவாகிறது. லீற்றருக்கு மிச்சம் பிடித்த காசு ஏற்றத்திலேயே கரைந்துவிடுகிறது. கார்புரேட்டர் காலத்து வண்டிக்காரர்களுக்கு அந்தக் கணினியும் கிடையாது. பிஸ்டன்தான் அடி வாங்கும்.

அடுத்து வருகிறார்கள் படித்த மேதைகள். உயரத்தில் காற்று ஐதாக இருக்கிறது, சிலிண்டருக்குள் அழுத்தம் குறையும், குறைந்த ஒக்டேன் போதுமாம். டர்போ இல்லாத வண்டிக்கு அது பாதி உண்மை, ஒப்புக்கொள்கிறேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் கிரகரி வாவியைச் சுற்றிச் சுற்றி ஓடவா வண்டி வைத்திருக்கிறேன்? றம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கினால் உயரம் சுமார் 500 மீற்றர்தான். தாங்கிக்குள் இருப்பதோ மேலே ஊற்றிய அதே 92. திரும்பி வரும்போது, அந்தச் சூட்டில், முழு மூச்சோடு மலை ஏற வேண்டும். அங்கே எந்த மெல்லிய காற்று வந்து காப்பாற்றும்?

கேட்பார் இல்லை, அதனால் எடுப்பதில்லை என்கிறார் நிலையத்து முதலாளி. எடுக்காத சாமானை எவன் கேட்பான்? மாதக் கடைசியில் இன்னொரு பயம்: வாங்கி வைத்த பிறகு விலை இறங்கினால் நட்டம். அவர் கணக்கு அவருக்கு. ஆனால் தப்பித் தவறி வரும் கொஞ்சம் 95ஐயும் வெகன் ஆர் காரர்கள் கௌரவத்துக்காக நிரப்பிக்கொண்டு போகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். அந்தச் சின்ன எஞ்சினுக்கு 95 ஊற்றினால் பறக்காது ஐயா!

"பணக்காரன் விளையாட்டு, பட்டுப் பார்க்கட்டும்" என்றும் சொல்கிறார்கள். நான் துரை பங்களாவில் பிறந்தவன் இல்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, இருந்த பழசை இங்குள்ள கராஜ்காரர்கள்தான் உயிரோடு வைத்திருந்தார்கள். 2022 ஜூனில் ஒக்டேன் 92 லீற்றருக்கு 470 ரூபாயாகவும் ஒக்டேன் 95 லீற்றருக்கு 550 ரூபாயாகவும் ஏறியபோதும் வாய் திறக்காமல் வரிசையில் நின்றோம். நாட்டில் டொலர் இல்லை, சரி. இன்று என்ன சாக்கு?

ஏப்ரலில் மட்டும் அதிசயம் நடக்கும். வசந்த காலத்துக்குக் கொழும்பு வண்டிகள் ஏறி வரும், 1934இல் மஹகஸ்தோட்டையில் மலையேற்றக் கார்ப் பந்தயம் தொடங்கிய ஊர் இது என்று எல்லோருக்கும் திடீரென ஞாபகம் வரும், 95உம் வரும். மே பிறந்தால் பழையபடி இல்லை. விருந்தாளிக்கு இருக்கும் பெற்றோல் ஊர்க்காரனுக்கு ஏன் இல்லை?

எல்லா நிலையத்திலும் வைக்கச் சொல்லவில்லை. ஹட்டனில் ஒன்று, நுவரெலியாவில் ஒன்று, பண்டாரவளையில் ஒன்று, வருடம் முழுக்க வைத்திருந்தால் போதும். அதுவும் முடியாதென்றால் எங்கே இருக்கிறது என்றாவது சொல்லுங்கள். 2022இல் கியூஆர் குறியீடு கொடுத்து, ஒவ்வொரு வண்டிக்கும் வாரத்துக்கு எத்தனை லீற்றர் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த நாட்டுக்கு, எந்தத் தாங்கியில் 95 மிச்சம் இருக்கிறது என்று சொல்லவா தெரியாது?