கண்ணதாசன் திருடவில்லை

பட்டினத்தார் பாடல் ஒன்றையும் கண்ணதாசன் பாடல் ஒன்றையும் அருகருகே வைத்து, ‘பாருங்கள், அப்பட்டமான திருட்டு’ என்று எழுதிய படம் அவ்வப்போது இங்கே சமூக ஊடகங்களில் சுற்றுக்கு வருகிறது. ஒரு சாரார் உடனே கவிஞரைத் தூற்றத் தொடங்குகிறார்கள். இன்னொரு சாரார், அவர்மீதுள்ள அன்பினால், இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று சாதிக்கிறார்கள். இரு தரப்பாருமே அந்த இரண்டு பாடல்களையும் கடைசி அடி வரை படிக்காமல் பேசுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

பட்டினத்தார் ‘அத்தமும் வாழ்வும் அகத்து மட்டே’ என்று தொடங்குகிறார். பொருளும் வாழ்வும் வீட்டோடு நின்றுவிடும். கண்ணீர் பெருக அழும் பெண்கள் வீதியோடு நின்றுவிடுவார்கள். தலைமேல் கைவைத்து விம்மும் பிள்ளைகள் சுடுகாட்டோடு திரும்பிவிடுவார்கள். அதற்கப்பாலும் ‘பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே’ என்று முடிக்கிறார். 1962இல் வெளிவந்த ‘பாத காணிக்கை’ படத்துக்கு எழுதிய ‘வீடு வரை உறவு’ பாடலில் வீடு, வீதி, காடு என்ற அதே மூன்று எல்லைகளையும் அதே வரிசையில் கண்ணதாசன் எடுத்துக்கொண்டார். இதை மறுப்பது வீண் வேலை. ஆனால் நான்காவது இடத்துக்கு வந்ததும் அவர் ‘கடைசி வரை யாரோ’ என்று கேட்டு நிறுத்திவிடுகிறார். புண்ணிய பாவத்தை நம்புகிறவனுக்குச் சாவுக்குப் பிறகும் கூட வருவதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. அச்சமூட்டுவதாக இருந்தாலும் அது ஒரு துணைதான். அந்தத் துணையையும் பறித்துவிட்டால் மனிதனுக்கு என்ன மிஞ்சும் என்பதே கண்ணதாசனின் கேள்வி. துறவி விடையோடு முடித்த இடத்தில் இவர் விடையை எடுத்துவிட்டார், பாட்டின் பொருளே மாறிவிட்டது. அதே 1962இல் டி.எம்.சௌந்தரராஜன் பட்டினத்தாராக நடித்த படமும் திரைக்கு வந்தது. கண்ணதாசனின் இந்தப் பாடலைப் பாடியவரும் அவர்தான். கேட்பவர்களுக்கு மூலம் தெரியவராது என்ற துணிவில் எழுதப்பட்ட பாட்டு இது என்று என்னால் எண்ண முடியவில்லை.

நம் இலக்கண நூல்கள் இந்த விஷயத்தில் வெகு தெளிவாக இருக்கின்றன. ‘முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்’ என்கிறது நன்னூல். கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சொற்களை மாற்றிவிட்டால் குற்றமில்லை என்று இன்று நாம் நினைக்கிறோம். நன்னூலாரோ சொற்களையே எடுத்தாளலாம், அது முன்னோருக்குச் செய்யும் மரியாதை என்கிறார். அதே நன்னூல், வழிநூல் என்பது முன்னோர் நூலின் முடிபோடு ஒத்திருந்தாலும் ‘பின்னோன் வேண்டும் விகற்பம்’, அதாவது வேறுபாடு, கூற வேண்டும் என்றும் நிபந்தனை வைக்கிறது. எடுக்கலாம், ஆனால் எடுத்தவன் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாக வேண்டும்.

இந்த நிபந்தனையைக் கம்பன் எப்படி நிறைவேற்றினான் என்று பாருங்கள். வால்மீகியில் வில்லை ஒடிப்பதற்கு முன் இராமன் சீதையைக் கண்டதாக இல்லை. மிதிலை வீதியில் நிகழும் அந்தக் காட்சி, தமிழ் அகமரபின் களவை, அதாவது மணத்துக்கு முந்தைய மறைவான காதலை, கம்பன் இராமகாதைக்குள் கொண்டுவந்ததன் விளைவு. அதற்கு அவன் கையில் எடுத்தது ஒரு குறள்: ‘கண்ணொடு கண்இணை நோக்கொக்கின் வாய்ச்சொற்கள் என்ன பயனும் இல.’ கம்பனின் பாட்டில் ‘கண்ணொடு கண்இணை’ என்ற தொடர் ஓர் எழுத்தும் மாறாமல் வந்து அமர்கிறது. ஆனால் அடுத்த சொல் ‘கவ்வி’. வள்ளுவரிடம் ஒத்துப்போன பார்வைகள் கம்பனிடம் ஒன்றையொன்று கவ்வுகின்றன, உண்கின்றன. குறளின் பிற்பாதியையும் அவன் விட்டுவிடவில்லை. சற்றுத் தள்ளி வரும் பாட்டில், ‘பிரிந்தவர் கூடினால் பேசல் வேண்டுமோ’ என்று கேட்கிறான். பேச்சு தேவையில்லை என்ற முடிவு வள்ளுவருடையது. பாற்கடலில் பிரிந்த இருவர் மீண்டும் கூடியிருக்கிறார்கள் என்ற காரணம் கம்பனுடையது. குறளில் காதலர் யாராகவும் இருக்கலாம். இங்கே அவர்கள் திருமாலும் திருமகளும் ஆகிவிடுகிறார்கள். குறளை அறிந்த ஒருவர் இந்தப் பாட்டைப் படிக்கும்போது இரண்டு கவிஞர்களையும் ஒரே நேரத்தில் கேட்கிறார். இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மூலத்தைச் சொல்லிவிட்டுச் செய்வதும் நமக்குப் புதிதல்ல. மணிமேகலை ‘தெய்வம் தொழாஅள்’ குறளை எடுத்துச் சொல்லிவிட்டு, அது ‘பொய்யில் புலவன் பொருளுரை’ என்று வள்ளுவரைச் சுட்டுகிறது. பாரதி பாஞ்சாலி சபதத்தின் குறிப்பில், இதை வியாசரின் மொழிபெயர்ப்பென்றே கருதிக்கொள்ளலாம் என்றும், கற்பனையில் தன் ‘சொந்தச் சரக்கு’ அதிகமில்லை என்றும் எழுதினார். அந்நூலைப் படித்தவர்களுக்கு அதில் பாரதியின் பங்கு எவ்வளவு என்பது தெரியும். ஆனாலும் கடனை அவர் முதலிலேயே ஒப்புக்கொண்டார்.

எனக்கு உறுத்தலாக இருப்பது வேறு வகைக் கடன். புதுமைப்பித்தன் ‘சாப விமோசனம்’ எழுதியபோது, இராமாயணம் அறிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல்கூடப் போகலாம் என்று முன்னாலேயே அறிவித்துவிட்டுத்தான் அகலிகையைத் தொட்டார். வாசகன் மூலத்தை அறிந்தவன், எது மாறியது என்று எடைபோடக்கூடியவன் என்ற மதிப்பு அதில் இருக்கிறது. அதே புதுமைப்பித்தனின் வேறு சில கதைகள் பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானைத் தழுவியவை. தழுவல் கூடாது, மொழிபெயர்ப்புதான் வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. அவரை நான் தமிழின் மிகப் பெரிய கதைக்காரராகவே மதிக்கிறேன். ஆனால் பிரெஞ்சுக் கதைகளைக் கண்ணால் பார்த்திராத ஒரு வாசகனுக்கு மூலத்தின் பெயரைச் சொல்லாதது, அகலிகை கதையில் அவனுக்குக் கொடுத்த மதிப்பை இங்கே கொடுக்காமல் விட்டதுதான். ஆகவே, சொல் ஒத்திருக்கிறதா என்பதைவிட, வாசகன் மூலத்தைக் கண்டுகொள்ள வேண்டும் என்று எழுதியவர் விரும்பினாரா, கண்டுகொள்ளக் கூடாது என்று விரும்பினாரா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

சட்டம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஆசிரியர் வாழும் காலத்துக்கும் அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளுக்கும் எழுத்தைக் காக்கிறது. காப்பதும் எழுதப்பட்ட வடிவத்தைத்தான், கருத்தை அல்ல. பட்டினத்தாருக்காக யாரும் வழக்குத் தொடுக்க முடியாது, தொடுக்கவும் வேண்டியதில்லை. இழப்பு நேர்வது இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு. முதல் தொகுப்புகூட வராத ஒரு பெண்ணின் கவிதை, பெயர் நீக்கப்பட்டு, ‘படித்ததில் பிடித்தது’ என்ற தலைப்போடு ஊரெல்லாம் சுற்றுகிறது. சில நாட்களில் வேறொருவர் அதைத் தன் பெயரிலேயே போட்டுக்கொள்கிறார். அதை எழுதியவர் அந்தப் பெண்தான் என்பது யாருக்கும் தெரியாது என்பதாலேயே இது சாத்தியமாகிறது. பிறமொழிக் கவிதைகளைப் பகிர்கிறவர்கள் மொழிபெயர்த்தவரின் பெயரை விட்டுவிடுவதும் இதே வகைதான். அடுத்த முறை ஒரு கவிதையைப் பகிர்வதற்கு முன், அதன் ஒரு வரியையாவது தேடிப் பார்த்து, எழுதியவர் பெயரையும் மொழிபெயர்த்தவர் பெயரையும் கவிதைக்குக் கீழே எழுதுங்கள். பெயர் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று சொல்லி, தெரிந்தவர்களைக் கேளுங்கள்.