தலைக்கவசத்தில் எழுதியிருப்பதைத் தாண்டி

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். காலேஜ் இரண்டாம் வருஷம். சாப்பிட்டு முடித்து போனைச் சார்ஜில் போட்டபோது அதன் முகப்பில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தெரிந்தது. இளம் சிப்பாய் ஒருவன் நேராக நம்மைப் பார்க்கிறான். தலைக்கவசத்துப் பட்டையில் கையால் எழுதிய ‘வார் இஸ் ஹெல்’. போர் என்பது நரகம்.

"இது யாருடா?"

"தெரியல மாமா. ஏதோ கமாண்டோ. செம மாஸா இருக்குல்ல?"

அந்த ‘மாஸ்’ என்ற சொல் ஒரு வாரமாக மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் கைக்கு வந்து சேரும்போதே அந்தப் படம் எல்லாம் உரிக்கப்பட்டுத்தான் வந்திருக்கிறது. தேதி இல்லை, ஊர் இல்லை, எடுத்தவர் பெயர் இல்லை. முரசு அடிக்கும் இசையோடு ஓடிய ஒரு வீடியோவிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறான். பல வருஷமாகப் போர்க்களப் படங்களைத் தேடித்தேடிப் பார்க்கிறவன் என்ற முறையில் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படம் எடுக்கப்பட்ட நாள் 1965 ஜூன் 18. இடம் தெற்கு வியட்நாமில் ஃபூக் வின் விமான ஓடுதளம். எடுத்தவர் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ஹோர்ஸ்ட் ஃபாஸ், ஜெர்மானியர். படத்தில் இருப்பவன் அமெரிக்காவின் 173-வது பாராசூட் பிரிகேட் என்ற, விமானத்திலிருந்து குதித்துப் போரிடும் படைப்பிரிவைச் சேர்ந்தவன். 1963-இல் ஒகினாவாவில் உருவான பிரிகேட் அது. 1965 மே மாதத் தொடக்கத்தில் வியட்நாமில் இறங்கியது. அமெரிக்கத் தரைப்படையின் பெரிய போர்ப்பிரிவுகளில் முதலில் போய்ச் சேர்ந்தது அதுதான். ஆக, ஃபாஸ் அந்தப் படத்தை எடுத்தபோது அவர்கள் அங்கே வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. இன்னும் எவ்வளவோ வர இருந்தது.

அந்த முகத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். வாயோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருக்கிறது. வீரம் காட்டும் முகம் கிடையாது. நம் தெருவில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன் கேமராவைப் பார்த்தால் எப்படிப் பார்ப்பானோ அப்படி. தலைக்கு மேலே எழுதியிருப்பதற்கும் அந்த முகத்துக்கும் இருக்கும் இடைவெளியில்தான் அந்தப் படத்தின் உயிரே இருக்கிறது.

பல பத்தாண்டுகள் ‘பெயர் தெரியாத சிப்பாய்’ என்றே அந்தப் படம் அச்சாகிக்கொண்டிருந்தது. பிறகு அடையாளம் தெரிந்தது. பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அவராகத் தேடிப்போன புகழ் இல்லை அது. செயின்ட் லூயிஸ் ஊர்க்காரர். படம் எடுத்தபோது வயது 19. போரிலிருந்து உயிரோடு திரும்பினார். 39 வயதில் இறந்துபோனார். நீரிழிவால் வந்த சிக்கல்கள் என்றும், அதற்குக் காரணம் ஏஜென்ட் ஆரஞ்சு என்று அவரைச் சேர்ந்தவர்கள் நம்பினார்கள் என்றும் சொல்லப்படுகிறது. காடுகளின் இலையை உதிர்க்க அமெரிக்க விமானங்கள் வியட்நாம் மேல் தெளித்த களைக்கொல்லி அது. 1962 முதல் 1971 வரை இப்படித் தெளித்த களைக்கொல்லிகள் மொத்தம் 7 கோடி லிட்டருக்கும் மேல். அங்கே பணியாற்றிய ஒருவருக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வந்தால், அமெரிக்க அரசே இன்று அதை அந்தக் களைக்கொல்லியோடு தொடர்புள்ள நோயாக ஏற்று உதவித்தொகை தருகிறது.

இதைச் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பத்தொன்பதா?" என்று மட்டும் கேட்டான். அவனுக்கும் அதே வயதுதான்.

அந்த 173-வது பிரிகேடை நான் விடாமல் பின்தொடர ஒரு காரணம் உண்டு. உலகத்தின் மிகச்சிறந்த போர்ப் புகைப்படக்காரர்களில் நாலு பேராவது இந்த ஒரே பிரிகேடோடு போயிருக்கிறார்கள். நாற்பது வருஷ இடைவெளியில், இரண்டு வேறு வேறு போர்களில். அவர்கள் எடுத்ததில் நிலைத்து நின்ற படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பாய்ந்து சுடும் காட்சியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நனைகிறார்கள், காத்திருக்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள், தூங்குகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆன்ரி ஹுவே எடுத்தது. 1965 செப்டம்பர் 25, பென் கட் காடு. கொட்டுகிற மழையில் பாராசூட் வீரர்கள் வரிசையாக ஒரு ஆற்றைக் கடக்கிறார்கள். உடம்பு தண்ணீருக்குள் இருக்கிறது, இரண்டு கையாலும் துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். மழைத்துளி விழுந்து ஆறு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குழிந்திருக்கிறது. அந்தப் படத்தின் அடிக்குறிப்பில் ஒரு தகவல் வரும்: பன்னிரண்டு நாளாகத் தேடுகிறார்கள், எதிரி ஒருவன்கூடக் கண்ணில் படவில்லை. அதைப் படித்த பிறகு படமே வேறாகிவிடுகிறது. படிக்காதவனுக்கு அது ஒரு தாக்குதல். படித்தவனுக்கு அது பன்னிரண்டாவது நாள். ஈரத்தில் ஊறிய கால், தூங்காத கண், எங்கே இருக்கிறான் என்றே தெரியாத எதிரி. நான் அடிக்குறிப்பு, அடிக்குறிப்பு என்று அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

ஹுவே பிறந்ததே வியட்நாமின் தா லாத் ஊரில்தான். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா வியட்நாமியர். 1971 பிப்ரவரி 10 அன்று லாவோஸ் மேலே பறந்த ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டபோது லாரி பர்ரோஸ், கென்ட் பாட்டர், ஷிமாமோட்டோ கெய்சாபுரோ ஆகிய மூவரோடு இறந்தார். ஒரே ஹெலிகாப்டரில் நாலு புகைப்படக்காரர்கள்.

கத்ரீன் லெருவா பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் பார்க்கவில்லை. 1966-இல், 21 வயதில், ஒரு லைக்கா கேமராவோடு பாரிஸிலிருந்து தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோனுக்கு வந்தவர். ஐந்தடி உயரம், நாற்பது கிலோகூட இல்லாத உடம்பு. பிரான்ஸில் இருந்தபோதே பாராசூட்டில் குதிக்கக் கற்றிருந்தார். 1967 பிப்ரவரி 22 அன்று ‘ஜங்ஷன் சிட்டி’ நடவடிக்கையில் 173-வது பிரிகேடின் 800-க்கும் மேற்பட்ட வீரர்கள் விமானத்திலிருந்து குதித்தபோது அவரும் கேமராக்களோடு குதித்தார். வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் பெரிய அளவில் நடத்திய ஒரே பாராசூட் தாக்குதல் அது. ‘எலைட்’ என்று நாம் வாய் பிளக்கும் வேலையை ஒரு ஒல்லிப் பெண் அவர்களோடு சேர்ந்து செய்தார். செய்துவிட்டு, அவர்கள் முகத்தைப் படமெடுத்தார்.

அடுத்த இரண்டு மாதத்தில், மலை 881-இல் (உயரத்தின் மீட்டர் கணக்கே ராணுவம் அதற்கு வைத்த பெயர்), மரைன் படையோடு இருந்தபோது லெருவா எடுத்த தொடர்படங்கள் இன்னும் கனமானவை. மருத்துவ உதவியாளன் ஒருவன் கீழே கிடக்கும் தோழனின் மார்பில் காதை வைத்துக் கேட்கிறான். அடுத்த படத்தில் தலையை நிமிர்த்துகிறான். அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், உள்ளே எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று. இந்தத் தொடரிலிருந்து ஒரே ஒரு படத்தைக் கத்தரித்து எடுத்து மேலே வீர வசனம் எழுதிப் பகிர்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். காதை வைத்துக் கேட்ட அந்த ஒரு நொடியைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ள எப்படி மனசு வருகிறது?

அதே 1967 நவம்பரில் தாக் தோ பக்கத்தில் மலை 875. கைப்பற்றப் போன 173-வது பிரிகேட் வீரர்கள் மீது அவர்களுடைய விமானமே தவறிக் குண்டு போட்டு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மலையைப் பிடித்தார்கள். பிறகு அதை விட்டுவிட்டு இறங்கினார்கள். இதை வைத்து யாரும் மாஸ் வீடியோ போடுவதில்லை.

போர் முடிவதற்கு முன்பே 1972-இல் பிரிகேட் கலைக்கப்பட்டது. 2000-இல் இத்தாலியின் விசென்சாவில் மறுபடி உயிர் பெற்றது. 2007-இல் அதன் ஒரு பகுதி ஆப்கானிஸ்தானின் குனார் மாகாணத்தில், கொரங்கல் பள்ளத்தாக்கில் இருந்தது. அங்கேதான் புகைப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் வருகிறார்.

அவர் 2007 செப்டம்பரில் எடுத்த ஒரு படத்தில், பதுங்குகுழிச் சுவரில் சாய்ந்த சிப்பாய் ஒரு கையில் தலைக்கவசத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையை நெற்றியில் வைத்திருக்கிறான். அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது அதற்குத்தான். நல்ல படம்தான். ஆனால் என்னை ஆட்டிவைத்தது அவருடைய இன்னொரு வரிசை. தூங்கும் சிப்பாய்கள். செத்துப்போன தங்கள் மருத்துவ வீரர் ரெஸ்ட்ரெப்போவின் பெயரையே வைத்த மலை முகாமில், மண்மூட்டைக்கும் ஒட்டுப்பலகைக்கும் நடுவே, சட்டையில்லாமல் சுருண்டு கிடக்கிறார்கள். ஒருவன் கையை மடக்கித் தலைக்குக் கீழே வைத்திருக்கிறான். இன்னொருவனுக்கு வாய் லேசாகத் திறந்திருக்கிறது. தூங்கும்போது அவர்கள் சின்னப் பையன்களாகத் தெரிகிறார்கள், அவர்களுடைய அம்மாக்களுக்கு ஞாபகம் இருப்பது இந்த முகம்தான் என்ற பொருளில் ஹெதரிங்டன் சொல்லியிருக்கிறார். அதைப் படித்த அன்று நான் படத்தை மூடிவைத்துவிட்டேன். தொடர்ந்து பார்க்க முடியவில்லை.

அப்படிப் படமெடுக்க அவர்களோடு மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். அக்டோபரில் ஒரு நடவடிக்கையில் கால் எலும்பு முறிந்தும் இரவெல்லாம் மலையிறங்கி நடந்தே வந்தவர் ஹெதரிங்டன். 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராட்டாவில் கொல்லப்பட்டார்.

இத்தனை சொன்ன பிறகு என் மனசில் இருக்கும் முள்ளையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் படங்கள் எல்லாம் சிப்பாய்க்குப் பக்கத்தில் நின்று எடுத்தவை. அவன் கண்ணீர் தெரியும், அவன் தூக்கம் தெரியும். அவன் யார் ஊரில் நிற்கிறான் என்பது தெரியாது. கொரங்கலில் அமெரிக்கர்களின் பிரதான முகாம் இருந்த இடமே அந்த ஊர் மர வியாபாரி ஒருவருடைய மரப்பட்டறை. தேவதாரு வெட்டிப் பிழைத்த ஜனங்களின் பள்ளத்தாக்கு அது. நாற்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் செத்த பிறகு 2010 ஏப்ரலில் விட்டுவிட்டுப் போனார்கள். அந்த ஊர்ப் பையன்கள் தூங்குவதைப் பக்கத்தில் இருந்து யாராவது அந்த அன்போடு படமெடுத்தார்களா? நான் பார்த்ததில்லை. ஏஜென்ட் ஆரஞ்சு விழுந்த வயலில் நின்ற வியட்நாமியப் பையனுக்கு யாருடைய போனிலும் முகப்பில் இடமில்லை.

இதே ஹோர்ஸ்ட் ஃபாஸ் 1964 மார்ச் 19 அன்று எடுத்த இன்னொரு படம் உண்டு. கம்போடிய எல்லைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா ஒருவர் செத்துப்போன குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தி நிற்கிறார். கவச வண்டியின் மேலே தெற்கு வியட்நாமின் ரேஞ்சர் வீரர்கள், அதுவும் பொறுக்கியெடுத்த படைதான், குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முகத்தில் எதுவுமில்லை. 1965-இல் ஃபாஸுக்கு அமெரிக்காவின் பெரிய பத்திரிகை விருதான புலிட்சரை வாங்கித் தந்த படங்களில் அதுவும் ஒன்று. ஒரே ஆள், ஒரே போர், பதினைந்து மாத இடைவெளி. ஒன்று டீ-ஷர்ட்டில் ஏறியது, போனில் ஏறியது. மற்றது அப்படியே கிடக்கிறது. அந்தச் சிரிக்கிற பையனைப் புரிந்துகொள்ள இந்த அப்பாவையும் பார்த்தே ஆக வேண்டும் என்பேன். இரண்டும் ஒரே புகைப்படக்காரரின் மனசாட்சியிலிருந்து வந்தவை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது அவருக்கும் துரோகம், அந்தச் சிப்பாய்க்கும் துரோகம்.

தமிழில் ராணுவப் பக்கம் நடத்தும் தம்பிகள் சிலர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பது இதைத்தான். படம் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். தேதி, ஊர், படைப்பிரிவு, எடுத்தவர் பெயர், இதை இரண்டு வரி கீழே எழுதுங்கள். தெரியவில்லை என்றால் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் போடாதீர்கள். இசை வேண்டாம். ஹுவேயின் ஆற்றில் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும்.

பையன் கிளம்பும்போது ஃபாஸின் அந்த இன்னொரு படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "மேல இருக்கிறவங்க ஏன் மாமா கீழே இறங்கல?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.