சேற்று விலாங்கு பாம்பும் இல்லை, விலாங்கும் இல்லை

"சைனாடவுன் ஈரச்சந்தைத் தொட்டியில் நெளிவது மீனல்ல, தோலுரித்த தண்ணீர்ப் பாம்பு. தலையைத் தூக்கி மூச்சு விடுது பாருங்க!" என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றுகிறது. தவறு.

அது சேற்று விலாங்கு, மீன்தான். தலையைத் தூக்கிக் காற்றைக் குடிப்பது உண்மை. ஆனால் பாம்பைப்போல நுரையீரலால் அல்ல. வாயிலும் தொண்டையிலும் இரத்தக் குழாய்கள் மண்டிய சவ்வு உயிர்வளியை உறிஞ்சிக்கொள்கிறது. கடைக்காரர் அதைப் புரட்டும்போது கழுத்தடியைக் கவனியுங்கள்: ஒரே ஒரு குறுக்குப் பிளவு. அதுதான் செவுள் திறப்பு. பாம்புக்கு ஏது செவுள்? உடம்பில் செதிலும் கிடையாது, வெறும் வழவழப்பு.

வேடிக்கை என்னவென்றால், இது அசல் விலாங்கும் அல்ல. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவதாக நாம் சொல்லும் விலாங்கு ஆங்குவில்லிஃபார்மிஸ் என்னும் வரிசையை, அதாவது மீன்களின் ஒரு பெரும் பிரிவை, சேர்ந்தது. அதன் இளம் குஞ்சு கண்ணாடி இலைபோலத் தட்டையாகக் கடலில் மிதக்கும். சேற்று விலாங்கோ சின்பிராங்கிஃபார்மிஸ் வரிசை. ஊரில் குழம்பு வைக்கிறோமே ஆரல், அதுதான் இதற்குக் கிட்டத்துச் சொந்தம். நீண்ட உடல் இரண்டு வரிசையிலும் தனித்தனியாகத் தோன்றியது.

சேற்று விலாங்குகளில் பெரும்பாலானவை பெண்ணாகப் பிறந்து, வளர்ந்தபின் ஆணாக மாறும். காணொளி எடுத்தவர் இதைச் சொல்லியிருந்தால் பொய்யே தேவைப்பட்டிருக்காது.